ஒரு பொதுச்சுவர், இரண்டு முடிவுகள்

எங்கள் வீடு புதுச்சேரியில், பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, வைசியாள் வீதியிலிருந்து பொடிநடையாகப் போய்விடும் தூரத்தில் இருக்கிறது. 1920-களில் தாத்தா தன் இரண்டு பிள்ளைகளுக்காக ஒட்டிக் கட்டிய இரட்டை வீடு. நடுவில் ஒரே ஒரு பொதுச்சுவர். வடக்குப் பாதி அப்பாவுக்கு, தெற்குப் பாதி சித்தப்பாவுக்கு. 2018-ல் சித்தப்பா பிள்ளைகள் தங்கள் பாதியை பில்டரிடம் கொடுத்து இடித்து, அடுக்குமாடி ஆக்கிவிட்டார்கள். நான் எங்கள் பாதியைப் பழுது பார்த்து அதிலேயே இருக்கிறேன். ஒரே மண், ஒரே கடற்காற்று, கட்டடத்துக்கும் ஒரே வயது. அதனால் "பழைய வீட்டை இடிச்சுக் கட்டலாமா, வச்சுக்கலாமா" என்று யாராவது கேட்டு வந்தால், வாசலில் நிறுத்தி இரண்டையும் காட்டிவிடுவேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் வைத்துக்கொண்ட கட்சி. அந்தப் பக்கத்துக்குத்தான் கூடப் பேசுவேன். ஆனால் தம்பிகள் செய்தது தப்பு என்று நினைக்கவில்லை.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். அடுக்குமாடியில் லிப்ட் உண்டு, கார் நிறுத்த இடம் உண்டு, படுக்கையறையோடு சேர்ந்த குளியலறை உண்டு, பூட்டிவிட்டு ஒரு மாதம் ஊருக்குப் போகலாம். பழைய வீட்டில் முற்றம் உண்டு, திண்ணை உண்டு, சித்திரை வெயிலிலும் கூடத்தில் வெறும் தரையில் படுக்கலாம். இரவில் கழிப்பறைக்குப் போக முற்றத்தைச் சுற்றிக்கொண்டு நடக்க வேண்டும். எழுபது வயதில் அது சின்ன விஷயம் இல்லை. எனக்கு இப்போது அறுபத்திரண்டு. பின்னால் பேசுவோம்.

தம்பிகள் போட்ட ஒப்பந்தம் இந்த ஊரில் வழக்கமானதுதான். மனை அகலம் 22 அடி, நீளம் 110 அடி. வாய்க்காலுக்கு மேற்கே எங்கள் தமிழர் பகுதியில் மனைகள் எல்லாம் இப்படித்தான், ரயில் பெட்டி மாதிரி. கீழே கார் நிறுத்தம், மேலே மூன்று மாடி, மாடிக்கு முன்னும் பின்னுமாக இரண்டு வீடு. மொத்தம் ஆறில் மூன்று பில்டருக்கு, மூன்று இவர்களுக்கு. ஆளுக்கு ஒன்றில் குடியிருந்துகொண்டு மூன்றாவதை வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். இரண்டு வருடத்தில் சாவி என்று எழுதியிருந்தது. நடுவில் கொரோனா வந்து மூன்று வருடம் ஆனது. கட்டி முடியும் வரை வெளியே குடியிருக்க பில்டர் தர வேண்டிய வாடகை 24 மாதத்தோடு நின்றுபோனது, ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்ததாம். கையெழுத்துப் போடும்போது யாரும் அந்த வரியைக் கவனிக்கவில்லை. இப்படிக் கொடுக்கப்போகிறவர்கள் முதலில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

வரி விஷயத்தில் அவர்களுக்குக் காலம் நல்லதாக அமைந்தது. 2017-ல் சட்டம் மாறிய பிறகு, தனி ஆள் தன் மனையை இப்படிக் கூட்டு ஒப்பந்தத்தில் கொடுத்தால் மூலதன ஆதாய வரி கையெழுத்துப் போட்ட வருடத்தில் வருவதில்லை. கட்டடம் முடிந்ததற்கான சான்றிதழ் கிடைக்கும் வருடத்தில்தான் கணக்கு. அதற்கு முன் பலர் கையில் காசு வருவதற்குள்ளேயே வரி கட்டத் திண்டாடியிருக்கிறார்கள்.

இரண்டு பக்கமும் சுவர் ஒட்டிய மனையில் பக்கவாட்டு ஜன்னல் வைக்க முடியாது. அந்தக் காலத்துக் கொத்தனார் அதற்குக் கண்ட வழிதான் முற்றம். வீட்டின் நடு வயிற்றைத் திறந்து வானத்தைக் கொண்டுவந்து வைத்தார். பில்டருக்கு முற்றம் என்பது விற்க முடியாத சதுர அடி. அதற்குப் பதில் ஐந்தடிக்கு நாலடியில் ஒரு காற்றுக்குழி விட்டிருக்கிறார். அதில் ஆறு வீட்டுக் கழிவுநீர்க் குழாய்களும் இறங்குகின்றன. முதல் மாடி நடு அறையில் பகல் பதினொரு மணிக்கும் விளக்கு எரிகிறது.

இனி தெருவுக்கு வருகிறேன். மரபு, பாரம்பரியம் என்று பேசுகிறவர்கள் எல்லாம் தெருவில் நின்றுதான் பேசுகிறார்கள்.

எங்கள் தெருவின் அழகு எந்தத் தனி வீட்டிலும் இல்லை. எல்லா வீட்டுக்கும் தெருப்பக்கம் தூண் வைத்த தாழ்வாரம், அதற்கு உள்ளே திண்ணை. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் மழை பிடித்துக்கொண்டால் தாழ்வாரம் தாழ்வாரமாகவே தெருக்கோடிவரை நனையாமல் போய்விடலாம். ஒரு வீடு இடிந்து அந்த இடத்தில் இரும்புக் கதவு போட்ட கார் நிறுத்தம் வந்தால் அந்த வரிசை அறுந்துபோகும். எங்கள் தெருவில் ஆறேழு இடத்தில் அறுந்தாகிவிட்டது. அதில் ஒன்று எங்கள் குடும்பத்துடையது.

வைசியாள் வீதியில் இதைத் தடுக்க ஒரு முயற்சி நடந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் என்ற நகர மேம்பாட்டுத் திட்டத்தில், மரபுக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பின் மேற்பார்வையில், வீட்டுக்காரர்களும் செலவில் ஒரு பங்கு போட்டு, வரிசையாகப் பல வீடுகளின் முகப்பைச் சீர்படுத்தினார்கள். 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபு விருதும் கிடைத்தது. இன்றும் அங்கே போய்ப் பாருங்கள், கண்ணுக்கு இதமாக இருக்கும். ஆனால் எனக்கு ஒரு குறை உண்டு. தெருவில் போகிறவர் முகப்பைப் பார்க்கிறார். வீட்டுக்காரனோ ஐப்பசி பிறந்தால் அண்ணாந்து தளத்தைப் பார்க்கிறான். இங்கே வீடுகளை இடிக்க வைப்பது பெரும்பாலும் முகப்பு இல்லை, தளம்தான். தூணுக்கு வண்ணம் பூச ஆயிரம் பேர் யோசனை சொல்வார்கள். ஒழுகும் கூரைக்குக் கீழே பக்கெட் வைக்கிறவனோடு யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் நியாயம் ஆகாது. இந்த ஊரே ஒரு தடவை இடித்துக் கட்டிய ஊர்தான். 1761-ல் ஆங்கிலேயர் பாண்டிச்சேரியைப் பிடித்துத் தரைமட்டம் ஆக்கினார்கள். 1765-ல் பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்த பிறகு எழுந்ததுதான் இப்போது நாம் பழசு என்று கொண்டாடும் ஊர். தாத்தா வீடு கட்டியபோதும் அந்த இடத்தில் ஏதாவது ஒன்று இருந்திருக்கும்தானே. ஆகவே பழசு என்பதால் மட்டும் ஒன்றைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். தளம் தாங்குமா என்றுதான் கேட்பேன்.

கடற்கரையில் இருந்த மேரி கட்டடம், அதாவது பழைய நகராட்சிக் கட்டடம், 2014 நவம்பர் 29 அன்று மழையில் சரிந்து விழுந்தது நினைவிருக்கும். அத்தனை பேர் பார்க்கும் கட்டடம், அரசாங்கச் சொத்து, மரபுப் பட்டியலில் எல்லாம் உண்டு. பராமரிப்பு இல்லாமல் போனால் பட்டியல் தாங்கிப் பிடிக்காது. பிறகு அதே சாயலில் புதிதாகக் கட்டி 2021-ல் திறந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் பழைய மேரி மாதிரியே இருக்கிறது. விழுந்த மறுநாள் அப்பா அந்த இடத்துக்குப் போய் நின்று பார்த்துவிட்டு வந்து, கூடத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு எங்கள் உத்தரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். 2016-ல் அப்பா போய்ச் சேர்ந்தார். அதற்குள் வீட்டில் நான்கு இடத்தில் ஒழுகல்.

எங்கள் தளம் மெட்ராஸ் டெரஸ் வகை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: முதலில் பர்மாத் தேக்கு உத்தரம், அதன்மேல் ஒன்றேகால் அடிக்கு ஒன்றாகத் தேக்குக் கட்டைகள். கட்டைகளின்மேல் சின்னச் செங்கலைக் குத்துக்கல்லாக, மூலைவாட்டில், சுண்ணாம்புக் காரையில் அடுக்குவார்கள். அது இறுகிய பிறகு செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று அங்குலத்துக்குக் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் அடிப்பார்கள். அடிக்கிற கட்டை கையில் துள்ளி எழும்பினால் தளம் இறுகிவிட்டது என்று கணக்கு. அதற்கு மேலே தட்டோடு, அதாவது தட்டையான ஓடு. எல்லாம் சேர்ந்து ஓர் அடி கனம் வரும். வெயில் கீழே இறங்காததற்கு அதுதான் காரணம்.

இந்தத் தளத்தில் வினோதம் என்னவென்றால், அது ஒழுகுகிற இடத்தில் கெடுவதில்லை. ஒழுகுகிற இடம் கண்ணுக்குத் தெரியும், பூசிவிடலாம். கெடுவது கட்டையின் நுனி. சுவருக்குள் புதைந்திருக்கும் அந்த ஆறு அங்குலம். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் விரிசல் விட்டு, தண்ணீர் சுவருக்குள் இறங்கி, நுனி ஊறி ஊறி உளுத்துப்போகும். கீழே நின்று பார்த்தால் கட்டை மழுமழுவென்று வார்னிஷோடு இருக்கும். ஒருநாள் உட்காரும்.

எங்கள் வீட்டில் அதற்கு வழி செய்தது அப்பாதான், பாவம், நல்லது என்று நினைத்து. 90-களில் தட்டோட்டின்மேல் இரண்டு அங்குலம் சிமெண்ட் பூச்சு போட்டார். அப்போது எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். சுண்ணாம்புத் தளம் வெயிலில் கொஞ்சம் விரியும், குளிரில் கொஞ்சம் சுருங்கும். சிமெண்ட் அதோடு ஒத்துப்போகாமல் வெடித்தது. வெடிப்பு வழியே உள்ளே போன தண்ணீர் மேலே ஆவியாக வழியில்லாமல் உள்ளேயே தங்கியது. சுவருக்கும் இதே கதை. கீழே நாலடிக்குச் சிமெண்ட் பூசினோம். ஈரம் ஐந்தாவது அடியில் உப்புப் பூத்தது.

சித்தப்பா வீட்டிலும் அதே சிமெண்ட், அதே ஒழுகல். தம்பிகள் ஓர் இன்ஜினியரைக் கூட்டிவந்து காட்டினார்கள். அவர் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, "வயசாயிடுச்சு சார், காங்கிரீட் போட்டுடுங்க" என்றார். எனக்கு அமைந்தது ஒரு வயசான மேஸ்திரி. அவர் ஏணி கேட்டார், திருப்புளி கேட்டார். ஒவ்வொரு கட்டையின் நுனியிலும் காரையைச் சுரண்டிவிட்டுக் குத்திப் பார்த்தார். இரண்டு நாள் ஆனது. மொத்தம் 64 கட்டையில் 9 கெட்டிருந்தது. "ஒம்போதுக்காக வீட்டையா இடிப்பீங்க?" என்றார். நான் முடிவு எடுத்தது அந்த நிமிஷத்தில்தான். அந்த எண் இருபத்தைந்து, முப்பது என்று வந்திருந்தால் நானும் தம்பிகளோடு கையெழுத்துப் போட்டிருப்பேன். அவர்கள் பக்கம் எத்தனை கெட்டிருந்தது என்று யாரும் எண்ணவில்லை.

எண்ணாமலே எனக்கு ஓரளவு தெரியவந்தது வேறு கதை. இந்த ஊரில் பழைய வீட்டை இடிக்க நாம் காசு கொடுப்பதில்லை. இடிக்கிறவர் நமக்குக் காசு கொடுத்துவிட்டு மரத்தையும் தூணையும் கதவையும் எடுத்துக்கொண்டு போவார். சித்தப்பா வீட்டுத் தேக்கு லாரியில் ஏறிக்கொண்டிருந்தபோது மேஸ்திரி ஓடிவந்து என்னைக் கூப்பிட்டார். ஒரே காலத்தில் ஒரே அளவில் அறுத்த கட்டைகள். பொறுக்கிப் பொறுக்கி ஒன்பது கட்டை வாங்கினேன். தம்பிகள் இடிக்கிறவருக்கு விற்றதை நான் அவரிடம் நாலு மடங்கு விலைக்கு வாங்கினேன். பெரிய தம்பி பார்த்துவிட்டு, "அண்ணே, கேட்டிருந்தா சும்மாவே குடுத்திருப்பேனே" என்றான். எனக்குத் தோன்றவே இல்லை.

இடித்ததில் எனக்கு வந்த பெரிய தொல்லை பொதுச்சுவர். தொண்ணூறு வருடமாக இரண்டு வீட்டுக்கும் உள்சுவராக இருந்தது, ஒரே நாளில் வெளிச்சுவர் ஆகிவிட்டது. புதுக் கட்டடம் எழும்பி மறைக்கும் வரை இரண்டு மழைக்காலம் அது நேராக நனைந்தது. என் கட்டைகளில் பாதியின் நுனி அந்தச் சுவரில்தான் இருக்கிறது. மேலே சுண்ணாம்புப் பூச்சு, அதற்கும் மேலே தகரத் தடுப்பு, என் செலவில். ஒட்டு வீடு வைத்திருப்பவர்கள் பக்கத்து வீட்டில் கடப்பாரை விழுவதற்கு முன்பே இதை எழுத்தில் பேசி முடித்துக்கொள்ளுங்கள். அண்ணன் தம்பியாக இருந்தாலும்.

2019 சித்திரையில் வேலை தொடங்கினோம். சிமெண்ட் பூச்சை முழுவதும் பெயர்த்து இறக்கினோம். அந்தப் பாரம் போனதும் நடு உத்தரத்தின் தொய்வே கொஞ்சம் குறைந்த மாதிரி எனக்குப் பட்டது. கட்டை மாற்றிய இடங்களில் மட்டும் தளத்தைத் திறந்து பழைய முறையில் போட்டோம். மற்ற இடத்தில் தட்டோடு மட்டும் புதிது. நான்கு மாதம், எட்டு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். அதன் பிறகு வருடா வருடம் புரட்டாசியில் ஒரு சடங்கு: தண்ணீர் போகும் தூம்பைச் சுத்தம் செய்வது, காக்கை எச்சத்தில் முளைத்த அரசங்கன்றை வேரோடு பிடுங்குவது (வெட்டினால் போதாது, வெட்டிய இடத்தில் இரண்டாக வரும்), ஓட்டு இடுக்கில் சுண்ணாம்பு தீற்றுவது, ஒருநாள் சோப்புக் கரைசல், மறுநாள் படிகாரக் கரைசல் என்று தளம் முழுவதும் பூசுவது. ஆள் கூலியோடு முப்பதாயிரம் வரும். தம்பி வீட்டில் மாதப் பராமரிப்பு இரண்டாயிரத்து ஐந்நூறு. வருடத்துக்குப் பார்த்தால் அதே முப்பதாயிரம். நான் கட்டிய எட்டு லட்சத்தையும், அவர்கள் காசு போடாமலே மூன்று வீடு வாங்கியதையும் கணக்கில் சேர்த்தால் அவர்கள் பக்கம்தான் லாபம். அதை மறுக்கவில்லை.

மேரி விழுந்து சரியாகப் பத்து வருடமும் ஒரு நாளும் ஆன 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் வந்தது. கரையைத் தொட்டுவிட்டு நகராமல் ஊர்மேலேயே நின்றது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ராணுவம் வந்து படகில் ஆட்களை மீட்ட மழை. கரண்ட் இல்லை. நான் இரவெல்லாம் டார்ச்சோடு கூடத்துக்கும் சமையல்கட்டுக்கும் நடந்துகொண்டிருந்தேன். முற்றம் குளமாகி, மேல் படிக்கு நான்கு விரற்கடை கீழே வந்து நின்றது. தளத்தில் ஒரே ஓர் இடம், சமையல்கட்டு மூலையில், சொட்டியது. அது நான் தளத்தைத் திறக்காமல் விட்டுவைத்த பகுதி. பொதுச்சுவரில் உட்கார்ந்த சித்தப்பா வீட்டுக் கட்டைகள் காய்ந்தபடி இருந்தன.

பக்கத்தில் கார் நிறுத்தத்தில் முழங்கால் தண்ணீர். லிப்ட் குழி நிரம்பி, பன்னிரண்டு நாள் லிப்ட் ஓடவில்லை. மூன்றாவது மாடியில் மேற்கூரையில் ஈரத் திட்டு விழுந்தது. ஆனால் முதல் மாடியிலும் இரண்டாவது மாடியிலும் இருந்தவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். அன்று இரவு என் மனைவி, "நாமும் மாடியில இருந்திருக்கலாம்" என்றதை எழுதாமல் விட்டால் நான் பொய்யன்.

காங்கிரீட் கடற்காற்றை எத்தனை வருடம் தாங்கும் என்பதில் நான் உறுதியாகப் பேச மாட்டேன். உப்புக்காற்றில் உள்கம்பி துருப்பிடித்து, பருத்து, காரையைத் தள்ளிவிடும் என்பது கடற்கரை ஊரில் எல்லோரும் பார்ப்பதுதான். ஆனால் தம்பிகளின் கட்டடத்துக்கு வயது ஐந்துகூட ஆகவில்லை. நன்றாகக் கட்டியிருந்தால் நாற்பது, ஐம்பது வருடம் ஓடலாம். அதற்குப் பிறகு ஆறு பேரும் ஒத்து வந்தால்தான் ஏதாவது செய்ய முடியும். அப்போது ஆளுக்குக் கையில் இருப்பது மனையில் ஆறில் ஒரு பங்கு. என் பக்கம் ஒரு கட்டை கெட்டால் ஒரு கட்டையை மாற்றுகிறேன், யாரையும் கேட்க வேண்டாம். என்னைப் பொறுத்தவரை வித்தியாசம் இந்த இடத்தில்தான்.

என் பக்கத்து ஓட்டைகளும் உண்டு. மேஸ்திரிக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அவர் மகன் டைல்ஸ் ஒட்டும் வேலைக்குப் போகிறான். கடுக்காய்த் தண்ணீர் பதம் தெரிந்த ஆள் கிடைப்பது குறைந்துகொண்டே வருகிறது. அடுத்தது, வீட்டில் அக்காவுக்குப் பாதிப் பங்கு. அவள் பாரிசில் இருக்கிறாள். போனில் கேட்டால், "நீ இருக்கிறவரைக்கும் இருடா" என்கிறாள். அவள் பிள்ளைகளும் அப்படிச் சொல்வார்களா என்று தெரியாது. விற்கிற விலையைப் பற்றியும் எனக்கு அனுபவம் இல்லை. விசாரித்த தரகர்கள் எல்லோரும் மனைக்குத்தான் விலை சொன்னார்கள், கட்டடத்தைப் பூஜ்யமாக வைத்து.

ஓட்டலுக்குக் குத்தகை விடுவது என்று மூன்றாவது வழி ஒன்று உண்டு. கடற்கரையை ஒட்டிய பழைய பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுனில் பல வீடுகள் அப்படித்தான் தப்பித்தன, எங்கள் பக்கத்திலும் வந்துவிட்டது. கட்டடம் நன்றாகவே பிழைக்கிறது. தெருவில் இரவு ஒன்பது மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்து பேச ஆள்தான் இல்லை. நான் செய்து பார்க்காததால் அதற்குமேல் சொல்ல மாட்டேன்.

வைத்துக்கொள்ளலாமா என்று வருகிறவர்களிடம் இப்போதெல்லாம் நான் ஒன்றுதான் கேட்கிறேன்: கட்டை நுனியைக் குத்திப் பார்த்தீர்களா? பில்டரிடம் பேசுவதற்கு முன், இன்டாக்காரர்களிடம் பேசுவதற்கும் முன், இரண்டு நாள் கூலி கொடுத்து ஒரு சுண்ணாம்பு மேஸ்திரியை ஏணியில் ஏற்றுங்கள். மழைக்காலம் முடிந்த கையோடு, தை மாதத்தில், ஈரம் இன்னும் உள்ளே இருக்கும்போது பார்ப்பது நல்லது. மூன்றில் ஒரு பங்குக்குமேல் திருப்புளி உள்ளே இறங்கினால் கொடுத்துவிடுங்கள். நானாக இருந்தாலும் கொடுத்திருப்பேன்.